வேலம்மா படத்துக்கு ஒரு திரி

ரிங்லெட்
4.8.2024

நல்லுசாமி அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் ஆண்டியப்பனோடு வந்து என்னைப் பெண் கேட்டுவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு நாம் நான்கு முறை போனில் பேசிவிட்டோம். பேசினோம் என்று சொல்வது தப்பு. நான் பேசினேன், நீங்கள் "ம்" என்றீர்கள். உங்கள் பள்ளத்தில் லைன் சரியாகக் கிடைக்காதது ஒரு காரணம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே எங்கள் வீட்டுச் சுவரும் மெல்லிசு. நான் போனைக் கையில் எடுத்தாலே தம்பி பெண்டாட்டி சீதா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள்.

அதனால் எழுதுங்கள். கடிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப முடியாது. உங்கள் பூவை ஏற்றிக்கொண்டு இறங்குகிற லோரிக்கார அர்ஜுனன் தினமும் ரிங்லெட்டில் தேத்தண்ணி குடிக்க நிறுத்துகிறான். அவனிடம் கொடுத்தால் எனக்கு வந்து சேரும். தீபாவளிக்குள் என் பதிலைச் சொல்கிறேன். நாற்பத்தாறு வயதில் கல்யாணம் எனக்கு அவசர வேலை இல்லை. தெரியாத மனிதர் வீட்டுக்குப் போக எனக்கு இஷ்டமும் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். கிளம்பும்போது என் அலமாரியில் இருந்த மெழுகுவத்திப் பாட்டில்களைப் பார்த்து, "இது பொகையுமா?" என்று கேட்டீர்கள். அன்று நீங்கள் பேசிய ஒரே முழு வாக்கியம் அதுதான். பெண் பார்க்க வந்தவர் பெண்ணை விட்டுவிட்டுப் புகையைப் பற்றி ஏன் கேட்டார் என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ரஞ்சிதம்

கோலா தெர்லா
9.8.2024

ரஞ்சிதம் அவர்களுக்கு,

வணக்கம். நலம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பூப்பெட்டி மேல் கடைக்காரர் பெயர் எழுதுவதோடு சரி.

புகை பற்றிக் கேட்டது வேலம்மாவுக்காக. என் மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. தினமும் சாயங்காலம் அவள் படத்துக்கு எண்ணெய் விளக்கு ஏற்றுவேன். போன மாதம் எலி எரிகிற திரியை இழுத்துக்கொண்டு ஓடியது. பக்கத்திலேயே பிளாஸ்டிக் கொட்டகை, உள்ளே சாமந்தி. நல்ல வேளை, நான் வீட்டில் இருந்தேன். புகையில் படத்துக் கண்ணாடியும் கறுத்துப்போகிறது. உங்கள் பாட்டில் மெழுகுவத்தியைப் பார்த்ததும் எலி இதைத் தூக்க முடியாதே என்று நினைத்தேன். அதனால் கேட்டேன்.

பெண் கேட்டு வந்த இடத்தில் இதைச் சொல்லக் கூடாது என்று அண்ணன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

என் பழைய வேட்டியைக் கிழித்து வேலம்மா திரித்து வைத்த திரிகள் ஒரு மைலோ டின்னில் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. பத்து அனுப்பியிருக்கிறேன். இதையே போட்டு ஒரு மெழுகுவத்தி செய்ய முடியுமா? தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

நல்லுசாமி

ரிங்லெட்
16.8.2024

நல்லுசாமி அவர்களுக்கு,

தப்பு இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தேயிலை ஃபேக்டரியில் தூள் சலித்துக்கொண்டே யோசித்தேன். மனைவி படத்துக்கு விளக்கேற்றுவதை மறைத்துவிட்டு என்னைக் கூட்டிப்போகும் ஆளைவிட, முதல் கடிதத்திலேயே சொல்கிற ஆள் மேல் என்று தோன்றியது. வேலைக்கு இறங்கிவிட்டேன்.

ஸ்ட்ராபெரி ஜாம் பாட்டிலில், நீங்கள் அனுப்பிய திரியை நட்டு, சோயா மெழுகு ஊற்றி, இரண்டு நாள் ஆறவிட்டு ஏற்றினேன். விரல் நீளத்துக்குச் சுடர் எழும்பியது. பாட்டில் வாய் முழுக்கக் கரி. அரை மணி நேரத்தில் திரி தொய்ந்து சாய்ந்து, உருகின மெழுகிலேயே மூழ்கிப்போய்விட்டது. இன்னொன்று செய்தேன், அதுவும் அப்படியே. எண்ணெய் விளக்கில் திரி படுத்துக்கொண்டு குடிக்கும். மெழுகில் அது நின்றுகொண்டு குடிக்க வேண்டும். வேட்டித் துணிக்கு அந்த முதுகெலும்பு கிடையாது.

அக்கா நன்றாகத்தான் திரித்திருக்கிறார். ஒரே கனம், ஒரு பிசிறு இல்லை. மீதி எட்டையும் திருப்பி அனுப்புகிறேன். அவை உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். மெழுகுவத்திக்கென்றே பின்னிய பருத்தித் திரி தருவித்திருக்கிறேன், மூன்று கனத்தில். எது சரிவரும் என்று எரித்துப் பார்த்தால்தான் தெரியும். பொறுமையாக இருங்கள்.

ரஞ்சிதம்

கோலா தெர்லா
22.8.2024

ரஞ்சிதம் அவர்களுக்கு,

திரிகள் வந்தன. டின்னில் வைத்துவிட்டேன். நீங்கள் அவளை அக்கா என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

மழை. மஞ்சள் சாமந்தியில் பாதிக்கு இலைப்புள்ளி. நல்லதாகப் பார்த்து ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். அர்ஜுனன் முன் சீட்டில் வைத்துக் கொண்டுவரச் சொன்னேன். அவன் சிரித்தான். நான் கண்டுகொள்ளவில்லை.

நீங்கள் மெழுகுவத்தி செய்யக் கற்றது எப்படி? உங்களைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். பெண் பார்க்க வந்த அன்றே கேட்டிருக்க வேண்டும்.

நல்லுசாமி

ரிங்லெட்
1.9.2024

நல்லுசாமி அவர்களுக்கு,

பூ ஒரு வாரம் வாடவில்லை. சீதா எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் ஒன்று பாக்கி இல்லாமல் சொல்லிவிட்டாள்.

மெழுகுவத்தி கற்றது கோபத்தில். மூன்று வருடத்துக்கு முன் மண் சரிந்து நாலு நாள் கரண்ட் இல்லை. கடையில் வாங்கிய மெழுகுவத்தியைக் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தேன், மறுநாள் காலை மூக்கைச் சிந்தினால் கறுப்பு. இதைவிட ஒழுங்காக நானே செய்வேன் என்று ஆரம்பித்தேன். போனில் பார்த்துப் பார்த்துத்தான். முதல் இருபது பாட்டிலும் குப்பைக்குப் போயின. இப்போது மேலே ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் கேட்டு வாங்குகிறார்கள்.

இனி உங்கள் திரிக்கு வருகிறேன். பாட்டிலின் வாய் ஏழு சென்டிமீட்டர். மெல்லிய திரி போட்டால் நடுவில் மட்டும் கிணறு மாதிரி பள்ளம் விழுந்து, சுற்றிலும் மெழுகு உருகாமல் சுவராக நிற்கிறது. கடைசியில் அந்தக் கிணற்றுக்குள்ளேயே சுடர் மூச்சு முட்டிப்போகிறது. கனத்த திரி போட்டால் சுடர் துள்ளுகிறது, நுனியில் காளான் மாதிரி கரி கட்டுகிறது, புகைகிறது. நடுக்கனம்தான் சரி. மூன்று மணி நேரத்தில் மெழுகு விளிம்பு வரைக்கும் உருகி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குளமாக நின்றது. மேலே வெள்ளைத் தட்டைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கரி இல்லை.

நான்கு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் திரியைக் கால் அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். காற்று அடிக்கிற ஜன்னல் பக்கம் வேண்டாம். நாலு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். அடியில் விரல் கனம் மெழுகு இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். படத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

பன்னிரண்டு பாட்டில் எரித்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன். அக்கா முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் எரித்தேன். அதை உங்களிடம் சொல்லிக்காட்ட வேண்டும் போல இருந்தது, அதனால் சொல்கிறேன்.

ரஞ்சிதம்

கோலா தெர்லா
15.9.2024

ரஞ்சிதம் அவர்களுக்கு,

எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகத் தெரியவில்லை. படத்துக் கண்ணாடி மறுபடியும் கறுத்துவிட்டது. எண்ணெய் விளக்கில் ஆனதைவிட அதிகம். நேற்று ஒரு பாட்டில் விரிசல் விட்டும் போனது. அடியில் போட்டிருந்த தட்டு இருந்ததால் மெழுகு சிந்தவில்லை.

திரியை ஏற்றும்முன் வெட்டினேன். ஜன்னலைச் சாத்தினேன். ஒரு முழம் அளந்து வைத்தேன். உங்கள் மேல் குறையில்லை. இங்கே குளிர் அதிகம், அதனால் இருக்கலாம்.

நல்லுசாமி

ரிங்லெட்
19.9.2024

நல்லுசாமி அவர்களுக்கு,

குளிர் மேல் பழி போடாதீர்கள். அதே வார்ப்பில் ஊற்றிய பாட்டிலைப் பிரிஞ்சாங் ஹோம்ஸ்டேயில் எரிக்கிறார்கள், அங்கே உங்களைவிடக் குளிர். அவர்கள் கண்ணாடி எல்லாம் பளபளவென்று இருக்கிறது.

மூன்று கட்டளைக்கு வரிசையாகப் பதில் எழுதியிருக்கிறீர்கள். நாலு மணி நேரத்தைப் பற்றியும், அடியில் விடச் சொன்ன மெழுகைப் பற்றியும் ஒரு எழுத்து இல்லை. நான் கவனிக்க மாட்டேன் என்று நினைத்தீர்களா? ஃபேக்டரியில் என் வேலையே தூளில் கிடக்கிற குச்சியைப் பொறுக்குவதுதான்.

அர்ஜுனன் வேறு, "அக்கா, அண்ணன் மூஞ்சியே சரியில்ல லா, ஏதும் சண்டையா?" என்று கேட்கிறான். சண்டை இல்லை. பாட்டில் விரிசல் விடும் வரைக்கும் ஒரு சுடர் ஏன் எரிந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

ரஞ்சிதம்

கோலா தெர்லா
24.9.2024

ரஞ்சிதம் அவர்களுக்கு,

நான் அதை அணைப்பதில்லை. ஆறு மணிக்கு ஏற்றுவேன். தானாக அணையும் வரை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே காவல் இருப்பேன். பாட்டிலில் மெழுகு அதிகம், விடிந்தும் எரிந்தது.

காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மகள் ரூபினிக்கும் தெரியாது.

வேலம்மா ஈப்போ ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரூபினி கூட இருந்தாள். அன்று வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். லோரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எரிகிற விளக்கை விட்டுப் போக முடியாது, கொட்டகை பக்கத்தில். அவசரத்தில் வாயால் ஊதிவிட்டேன். விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஊதினேன். ஈப்போ போய்ச் சேர்ந்தபோது அவள் இல்லை.

அதிலிருந்து என் கையால் ஒரு சுடரை அணைத்ததில்லை. அது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். கை போகவில்லை.

நல்லுசாமி

ரிங்லெட்
29.9.2024

நல்லுசாமி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். சீதா பார்த்துவிட்டாள், வெங்காயம் என்றேன், கையில் வெங்காயம் இல்லை.

நீங்கள் ஊதியதால் அக்கா போகவில்லை. இதை நான் சொன்னால் உங்கள் மனசு கேட்காது, ஆனாலும் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்கா மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவர் படம் நடுவீட்டில் இருக்கட்டும், தினமும் நானே ஏற்றுகிறேன். எனக்குப் பயம் உங்கள் பயத்தைப் பார்த்துத்தான். நீங்கள் ஏற்றுவது அன்பில் ஏற்றுகிற விளக்கு இல்லை, தண்டனைக்கு ஏற்றுகிற விளக்கு. அந்த வீட்டுக்கு நான் வந்தால் ஒவ்வொரு ராத்திரியும் விடிய விடிய அதற்குக் காவல் இருப்பீர்கள். நான் தனியாகச் சாப்பிட்டுப் படுப்பேன். தனியாக இருக்க நான் கோலா தெர்லா வரைக்கும் வர வேண்டியதில்லை, அது எனக்கு இங்கேயே நன்றாக வரும்.

நாலு மணி நேரம் தாண்டினால் எந்தத் திரியும் கரி கட்டும். பாட்டில் சுடும். விடிய விடிய எரிந்தும் புகையாத திரி எந்தக் கடையிலும் கிடையாது. என்னாலும் செய்ய முடியாது.

என் பதில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் எழுதுவது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

ரஞ்சிதம்

கோலா தெர்லா
20.10.2024

ரஞ்சிதம் அவர்களுக்கு,

மூன்று வாரம் எழுதவில்லை. நீங்கள் சொன்னது சரி என்பதால் எழுத ஒன்றும் இல்லை. இன்று இருக்கிறது. இது பெரிய கடிதம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரூபினி கம்பாரில் படிக்கிறாள். போன வாரம் லீவில் வந்தாள். வந்ததும் படத்தைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்தாள். துணி கறுத்துவிட்டது. "என்னப்பா இது, அம்மாவ இப்படிப் பொகையில வச்சிருக்கீங்க?" என்றாள். நான் அணைப்பதில்லை என்றேன். ஏன் என்றாள். உங்களுக்கு எழுதியிருந்ததால் இரண்டாவது முறை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. சொல்லிவிட்டேன்.

அவள் படத்தைத் திரும்ப மாட்டினாள். பிறகு கொட்டகைக்குப் போய் ஒரு சாமந்தியை ஒடித்துக்கொண்டு வந்தாள். "அம்மா தெனமும் விளக்கக் குளிர வைக்கும், தெரியுமா? சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி. வாயால ஊதாது. பூக்காம்பால திரிய எண்ணெயில அமுக்கிடும். திரி கருகற வரைக்கும் விடக் கூடாதுன்னு சொல்லும். கருகினாதான் ஆகாதுன்னு சொல்லும். நீங்க தெனமும் கருக விட்டுட்டு இருக்கீங்களேப்பா" என்றாள்.

எனக்குத் தெரியாது. பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். விளக்கு குளிர்கிற நேரத்தில் நான் ஒருநாளும் வீட்டுக்குள் இருந்ததில்லை. பூ வெட்டிப் பெட்டி கட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன். வரும்போது விளக்கு குளிர்ந்திருக்கும், சோறு போட்டிருக்கும். யார் குளிர வைத்தது என்று கேட்டதில்லை. அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊதியதைவிட இதுதான் பெரிய தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

அன்று சாயங்காலம், மீதம் எடுத்து வைத்திருந்த உங்கள் கடைசிப் பாட்டிலை ஏற்றினேன். திரியைக் கால் அங்குலம் விட்டு வெட்டினேன். மூன்று மணி நேரத்தில் நீங்கள் எழுதியபடியே விளிம்பு வரை உருகியது. ரூபினி காம்பை என் கையில் கொடுத்தாள். திரியை உருகின மெழுகில் அமுக்கினேன். சுடர் போய்விட்டது. ஒரு இழை புகை வரவில்லை. திரியைக் காம்பாலேயே மறுபடி நிமிர்த்திவிட்டேன். மெழுகு பூசிக்கொண்டு அடுத்த நாளுக்குத் தயாராக நின்றது. உங்களுக்கு இது தெரிந்திருக்கும். நான் சொல்ல ஆசைப்பட்டேன்.

அப்புறம் நானும் ரூபினியும் உட்கார்ந்து சாப்பிட்டோம். படுத்தேன். நான்கு வருடத்தில் முதல் முறை விடியும் வரை தூங்கினேன்.

ஏழு நாள் ஆகிவிட்டது. தினமும் குளிர வைக்கிறேன். ஒரு நாளில் எழுதினால் நம்ப மாட்டீர்கள் என்று ஏழு நாள் காத்திருந்தேன். கண்ணாடி சுத்தமாக இருக்கிறது. வேலம்மா முகம் தெரிகிறது.

உங்கள் பதிலை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. அதுவும் பொய். மாற்றினால் நன்றாக இருக்கும். நீங்கள் வந்தால், ஆறு மணிக்குக் கொட்டகையை விட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

நல்லுசாமி

ரிங்லெட்
25.10.2024

நல்லுசாமி அவர்களுக்கு,

அர்ஜுனன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான். படித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்துக் கடையில் இரண்டாவது தேத்தண்ணி குடித்தான். "நல்ல சேதியா லா?" என்றான். உன் லோரியில் இருக்கிற முட்டைக்கோஸ் எல்லாம் வாடிப்போகும், போ என்று விரட்டினேன்.

எனக்கு அது தெரியாது. நான் இத்தனை நாளும் பாட்டில் மூடியைப் போட்டுத்தான் அணைக்கிறேன். மூடிக்குள் புகை தங்கி, மறுநாள் திறந்தால் ஒரு கருகல் வாடை வரும். இதற்கு என்ன செய்வது என்று மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்றே காம்பால் அமுக்கிப் பார்த்தேன். புகையும் இல்லை, வாடையும் இல்லை. மூன்று வருடமாக எனக்குத் தெரியாததை அக்கா தினமும் சோறு போடுவதற்கு முன் செய்திருக்கிறார். ஹோம்ஸ்டேக்குப் போகிற பாட்டில் ஒவ்வொன்றிலும் இனிமேல் ஒரு சாமந்திக் காம்பைக் கட்டி அனுப்பப் போகிறேன். காம்பு உங்கள் தோட்டத்திலிருந்து வரட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் சீதாவையும் கூட்டிக்கொண்டு கோலா தெர்லா வருகிறேன். ரூபினியும் வீட்டில் இருந்தால் நல்லது, அவளைப் பார்க்க வேண்டும். சமையல் தடபுடல் ஒன்றும் வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் இருப்போம். அக்கா படத்துக்கு நான் ஏற்றுகிறேன், நீங்கள் குளிர வையுங்கள். என் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும்.

திரி வெட்டுகிற என் கத்தரிக்கோலைக் கொண்டு வருகிறேன். முனை வளைந்தது, பாட்டிலுக்குள் நன்றாக இறங்கும். திரும்ப எடுத்துக்கொண்டு வர மாட்டேன். அது அங்கேயே இருக்கட்டும்.

ரஞ்சிதம்

கோலா தெர்லா
26.10.2024

ரஞ்சிதத்துக்கு,

ம்.

நல்லுசாமி

பி.கு. கத்தரிக்கோல் மாட்ட அடுப்படிச் சுவரில் ஆணி அடித்துவிட்டேன். உன் கைக்கு எட்டும் உயரம்தான். அன்றைக்கு உங்கள் வீட்டில், வாசல் நிலைப்பக்கம் நீ நின்றபோது பார்த்து வைத்திருந்தேன்.